இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்

மும்பை மாநகரின் தென்பகுதியில் ஆகஸ்ட் கிராந்தி மைதானம் அமைந்துள்ளது. செம்பூர், மாதுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர் பலர் அதனைக் கண்டிருப்பர். 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் தொடங்கிய இடம் அது. அவ்வியக்கத்திற்கு 57 ஆண்டுகள் முன்னரே, அம்மைதானத்தை அடுத்திருந்த கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் வேறொரு வரலாற்று நிகழ்ச்சி நடைபெற்றது. 1885 டிசம்பர் 28ஆம் நாள் அங்கு இந்திய தேசிய காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியது. 72 பேராளர்கள் கலந்துகொண்ட அம்மாநாட்டில், முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஒரு தமிழர். அவரே இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

இளமையும் கல்வியும்

சுப்பிரமணிய ஐயர் 1855 ஜனவரி 19ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், தஞ்சாவூரில் பயின்று, பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே தாமாகப் படித்துப் பட்டமும் பெற்றார்.

'தி இந்து' பிறந்த கதை

1878ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நாட்டில் பேசப்பட்டன. முதலாவது, வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம். இந்திய மொழிகளில் வெளிவந்த இதழ்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அரசின்மீது வெறுப்பை வளர்க்கும் செய்திகளை வெளியிடமாட்டோம் என்று அச்சிடுவோரும் வெளியிடுவோரும் உறுதிப்பத்திரம் எழுதித்தர வேண்டும். மீறினால் அச்சகம் பறிமுதல் செய்யப்படும். அதனை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. ஆங்கில இதழ்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சி சென்னையில் நேர்ந்தது. தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்வதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் எதிர்த்து எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூற இந்தியரிடம் வலிமையான இதழ் ஒன்றும் இல்லை.

இக்குறையைப் போக்க ஆறு இளைஞர்கள் முன்வந்தனர். அவர்களுள் இருவர் ஆசிரியர். நால்வர் சட்ட மாணவர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் 80 படிகளே அச்சாயின. ஆசிரியப் பொறுப்பை ஏற்ற சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. அவருக்குத் துணைநின்றவர் மு. வீரராகவாச்சாரியார். அவ்விதழ் 1883இல் வாரம் மும்முறையும் 1889 முதல் நாள்தோறும் வெளிவந்தது.

மக்களின் மொழியில் ஓர் இதழ்

ஆங்கில இதழ் ஆட்சியாளரின் செவிக்கு எட்டியது. ஆயினும் வரி செலுத்திய உழவர்க்கும் வணிகர்க்கும் அது எட்டவில்லை. ஆட்சியில் நடப்பதை மக்கள் தம் மொழியிலேயே அறிய வேண்டும் என்று கருதிய சுப்பிரமணிய ஐயர், 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாக வளர்ந்தது. வரவுசெலவு, வரி, வாக்குரிமை, சட்டம் ஆகியவற்றைப் பற்றி நாள்தோறும் தமிழில் எழுதும் பழக்கம் அதன் வழியே வேரூன்றியது.

1904இல் மதுரையில் தமிழாசிரியராக இருந்த சுப்பிரமணிய பாரதியைச் சென்னைக்கு அழைத்து, சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்த்தியவரும் அவரே. ஆங்கிலச் செய்திகளை எளிய தமிழில் பெயர்க்கும் பணியில் பாரதியின் உரைநடை பயிற்சி பெற்றது.

பம்பாய் மாநாட்டில்

1885இல் இந்தியாவில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் கிடையாது. நியமனம் பெற்று அவைகளில் அமர்ந்த இந்தியர்க்கும் அரசை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. அவ்வுரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஓரளவு கிடைத்தது. எனவே, அரசிடம் கேள்வி கேட்கும் மன்றமாக இதழ்களே விளங்கின.

இந்நிலையில்தான் சுப்பிரமணிய ஐயர் பம்பாயில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தார். இந்திய நிருவாகம் நடைபெறும் முறையை ஓர் அரச ஆணையம் ஆராய வேண்டும். அதில் இந்தியர்க்குப் போதிய இடம் வேண்டும். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் சாட்சியம் பெற வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். பின்னாளில் இந்தியச் செலவினங்களை ஆராய வெல்பி பிரபு தலைமையில் ஆணையம் அமைந்தபோது, 1897இல் இலண்டன் சென்று அதன்முன் சாட்சியம் அளித்தார்.

வாசகரையும் அஞ்சாத பேனா

அரசை மட்டுமன்றித் தம் சமூகத்தையும் அவர் கேள்வி கேட்டார். குழந்தை மணத்தைக் கண்டித்தும் கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தும் எழுதினார். இளமையிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு, 1889இல் காங்கிரஸ் மாநாடு பம்பாயில் நடந்தபோது அங்கேயே மறுமணம் செய்துவைத்தார். உறவினரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். அவருடைய சீர்திருத்தக் கருத்துகளை விரும்பாத வாசகர் பலர் 'தி இந்து'வைக் கைவிட்டனர். 1898இல் அவர் அவ்விதழைவிட்டு விலகித் தம் உழைப்பு முழுவதையும் சுதேசமித்திரனுக்கு அளித்தார்.

சிறையும் இறுதிக்காலமும்

1908ஆம் ஆண்டு இதழாளர்க்குக் கடுமையான சோதனைக் காலமாயிற்று. தம் 'கேசரி' இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே, குற்றாலத்தில் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயரும் அரசுப்பகைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கொடிய நோயால் நலிந்திருந்த அவர், உறுதிமொழி அளித்தபின் விடுவிக்கப்பட்டார். ஒரு கட்டுரைக்காக அதன் ஆசிரியரைச் சிறையில் அடைக்க முடியும் என்றால், ஏனைய இதழ்களும் அஞ்சி அடங்கும் என்பதை அரசு நன்கு அறிந்திருந்தது. நோயோடு போராடிய சுப்பிரமணிய ஐயர் 1916 ஏப்ரல் 18ஆம் நாள் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற பாதை

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசமைப்பு, 19ஆம் பிரிவில் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்களுக்கு வழங்கியது. இதழ்களின் உரிமையும் அதனுள் அடங்கும். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே அவ்வுரிமை சோதனைக்கு உள்ளாயிற்று. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் வருவதைச் சென்னை மாநில அரசு தடைசெய்தது. உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அந்நிய ஆட்சி அகன்ற பின்னரும் இதழ்கள் கேள்வி கேட்பதும், அக்கேள்வியை மக்கள் காப்பதும் தேவையாகவே இருந்தன. அப்பணியைத் தமிழில் செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர்களுள் ஒருவர் திருவையாற்றுச் சுப்பிரமணிய ஐயர்.

சொற்பொருள்

பேராளர் – ஓர் ஊரின் அல்லது அமைப்பின் சார்பாக வருபவர்
பறிமுதல் – அரசு கைப்பற்றிக்கொள்ளுதல்
படி – பிரதி
நலிந்த – மெலிந்த, வலிமை குன்றிய

வினாக்கள்

1. 'தி இந்து' தோன்றுவதற்குக் காரணமான நிகழ்ச்சி யாது?
2. ஆங்கில இதழ் இருக்கும்போதே தமிழ் இதழைத் தொடங்க வேண்டிய தேவை என்ன?
3. அரசும் வாசகரும் எதிர்த்தபோது சுப்பிரமணிய ஐயர் இழந்தவை யாவை?
4. ஒரு வாரத் தமிழ் நாளிதழ்களைப் படித்து, அரசிடம் கேள்வி எழுப்பும் செய்தி ஒன்றைத் தேர்ந்து ஐந்து வரிகளில் எழுதுக.