ரணகள்ளி இலையின் இரவுப் புளிப்பை அறிவித்த பெஞ்சமின் ஹைன்

சாய்ந்தமருது, கல்முனை போன்ற கரையோர ஊர்களின் மணற்பாங்கான வளவுகளில், நீர் ஊற்றுவார் இன்றியும் வாடாது நிற்கக்கூடியவை கற்றாழை, நாகதாளி, ரணகள்ளி முதலான சதைப்பற்றுள்ள செடிகளாகும். ரணகள்ளியின் இலையொன்றைக் கிள்ளி நிலத்தில் இட்டால் அதன் விளிம்பிலிருந்து புதிய கன்றுகள் முளைப்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் அதே இலை ஒவ்வோர் இரவும் புளிப்பேறி, ஒவ்வொரு பகலும் அப்புளிப்பை இழக்கிறது என்பதைப் பலர் அறியார். இதனைத் தெளிவாக எழுத்தில் பதிந்து அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், தென்னிந்தியாவில் வாழ்ந்து சென்னையில் மறைந்த பெஞ்சமின் ஹைன் ஆவார்.

ஹைன் 1770ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்தார். மொரேவிய சபையின் ஊழியராக, அந்நாளில் டேனியரின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். செடிகொடிகளின்மீது அவருக்கிருந்த ஈடுபாடு அவரது வாழ்வின் திசையையே மாற்றியது. 1793இல் தாவரவியலாளர் வில்லியம் ரொக்ஸ்பரோ கல்கத்தாவுக்குச் சென்றபோது, கோதாவரிப் பகுதியின் சாமல்கோட்டாவில் அவர் விட்டுச்சென்ற தோட்டப் பணி ஹைனிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராகவும் அவர் பணியேற்றார்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கேர்ணல் கொலின் மெக்கன்சி தலைமையில் மைசூர் நிலஅளவைப் பணி தொடங்கியது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் ஹைன் பங்குகொண்டார். ஹைதர் அலி உருவாக்கித் திப்பு சுல்தான் வளர்த்த பெங்களூர் லால்பாக் தோட்டமும் அவரது பொறுப்பில் வந்தது. செடிகளை மட்டுமன்றி, உள்ளூர்க் கொல்லர் இரும்பும் உருக்கும் செய்த முறைகளையும், வைரச் சுரங்கங்களையும் அவர் நேரிற் கண்டு குறித்துக்கொண்டார். இக்குறிப்புகள் 1814இல் லண்டனில் நூலாக வெளிவந்தன.

எனினும், தாவர அறிவியலில் அவரது பெயரை நிலைநிறுத்தியது அப்பெரிய நூலன்று. மூன்று பக்கங்களே கொண்ட ஒரு கடிதமாகும். இந்தியாவில் ரணகள்ளி இலையை நாளின் வெவ்வேறு வேளைகளில் சுவைத்துப் பார்த்த ஹைன், காலையில் அது கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றதாகவும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதை உணர்ந்தார். இதனை லின்னேயன் கழகத்தின் லாம்பேட்டுக்கு எழுதினார். அக்கடிதம் 1815இல் அக்கழகத்தின் ஏட்டில் அச்சேறியது. இலையிலிருந்து ஒட்சிசன் நீங்குவதே புளிப்பு மறையக் காரணம் என்று, அக்கால இரசாயன அறிவுக்கேற்ப அவர் கருதினார்.

அந்த விளக்கம் நிலைக்கவில்லை. அவர் கண்ட உண்மையோ நிலைத்தது. வெப்பமான பகலில் இலைவாய்களைத் திறந்தால் நீர் வீணாகும். ஆகவே இச்செடிகள் அவற்றைக் குளிர்ந்த இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்குகின்றன. அதனைப் பிணைத்து வைக்க ஒரு சேர்வை வேண்டும். பகலில் சேமித்த மாப்பொருளை இரவில் சிதைத்தே ரணகள்ளி அச்சேர்வையைப் பெறுகிறது. அன்னாசியோ பெரும்பாலும் கரையும் வெல்லங்களையே இதற்குச் செலவிடுகிறது. இவ்வாறு உருவாகும் மலிக்கமிலம் கலங்களின் புன்வெற்றிடங்களில் விடியும்வரை தேங்குகிறது. காலைப் புளிப்பு இதுவே. விடிந்தபின் இலைவாய்கள் மூடிக்கொள்ள, அமிலம் சிதைந்து காபனீரொட்சைட்டை விடுவிக்கிறது. சூரிய ஒளியின் துணையோடு அது வெல்லமாகிறது.

உண்டாகும் வெல்லம் அனைத்தையும் செடி தன் வளர்ச்சிக்கே செலவிட்டுவிடுவதில்லை. வரும் இரவுக்கென ஒரு பகுதியை அது ஒதுக்கியே ஆகவேண்டும். அறுவடை நெல் முழுவதையும் உண்டு தீர்க்காது அடுத்த போகத்துக்கு விதைநெல் காக்கும் நமது விவசாயியின் சிக்கனத்துக்கு இது ஒப்பாகும். உலகின் தாவர இனங்களுள் நூற்றுக்கு ஆறளவில் பின்பற்றும் இவ்வழிமுறை, இன்று கிரசுலேசியன் அமில அனுசேபம் என அழைக்கப்படுகிறது. மழை பொய்க்கும் நிலங்களுக்கேற்ற பயிர்களைத் தேடும் ஆய்வாளர் இதனை ஊன்றிக் கவனித்து வருகின்றனர்.

ஹைன் 1819இல் சென்னையில் தமது நாற்பத்தொன்பதாவது வயதில் காலமானார். அவர் சேகரித்தனுப்பிய செடிகளை ஆராய்ந்து ஜெர்மானியத் தாவரவியலாளர் ரோத் எழுதிய நூல் 1821இலேயே வெளிவந்தது. அதனைக் காண அவர் உயிருடன் இல்லை.

இலையைச் சுவைத்தவர்கள் அவருக்கு முன்னரும் இருந்திருப்பர். ஆயின், ஒரு முறை சுவைத்ததோடு நில்லாது, அதே இலையிடம் மீண்டும் மீண்டும் சென்றமையே அவரை வேறுபடுத்தியது. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ரணகள்ளியில் நச்சுப் பொருள்களும் உள்ளமையால் நமது மாணவர் அதனைச் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. சுபஹுத் தொழுகையின் பின் பறித்த இலையின் சாற்றையும், அஸருக்குப் பின் பறித்த இலையின் சாற்றையும் பீஎச் தாளில் இட்டு ஒப்பிட்டாலே போதும். பாடநூலில் மனனம் செய்யப்படும் ஓர் அனுசேபத்தைத் தம் வீட்டு வேலியோரத்திலேயே அவர்கள் கண்டுகொள்ளலாம். விஞ்ஞான ஆசிரியர்கள் இதற்கு வழிகாட்டுவது பயனுள்ள பணியாகும்.