உலகின் முதல் லாங் டிரைவ்: தேய்ந்த பிரேக்கை நடுவழியில் சரிசெய்த பெர்த்தா பென்ஸ்!

காரை சர்வீஸுக்கு விட்டால், மெக்கானிக்கிடம் இருந்து கண்டிப்பாக ஒருநாள் வரும் போன் கால் இது: பிரேக் பேட் தேஞ்சுபோச்சு, மாத்திடலாமா? உண்மையிலேயே மாற்ற வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்ற குழப்பம் கார் வைத்திருக்கும் பலருக்கும் உண்டு.

இதே கேள்வியை 1888-லேயே, நடுரோட்டில், மெக்கானிக் என்ற தொழிலே பிறக்காத காலத்தில் சந்தித்தவர் ஒரு பெண். பெயர் பெர்த்தா பென்ஸ். மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயரில் இருக்கும் அதே பென்ஸ் குடும்பம்தான்.

யார் இந்த பெர்த்தா?

1849 மே 3 அன்று, இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். அப்பா தச்சுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். குடும்ப பைபிளில் இவர் பிறந்ததைக் குறித்த இடத்தில், மறுபடியும் பெண்ணாகப் போய்விட்டதே என்ற வருத்தத்தோடு அப்பா எழுதியிருந்ததை சிறுவயதில் பெர்த்தா படித்ததாகச் சொல்வார்கள். இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு அப்போதே ஆர்வம் அதிகம். ஆனால் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலம் அது.

கையில் காசில்லாத, கனவு மட்டும் நிறைய இருந்த இன்ஜினியர் கார்ல் பென்ஸை அவர் விரும்பினார். 1871-ல் மன்ஹைம் நகரில் கார்ல் ஒரு பங்குதாரரோடு ஒர்க்‌ஷாப் தொடங்கினார். பங்குதாரர் சரியில்லை, தொழில் மூழ்கும் நிலை. அப்போது பெர்த்தா, தனக்கு வரவேண்டிய சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே அப்பாவிடம் கேட்டு வாங்கி, அந்தப் பங்கை விலைக்கு வாங்க கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1872-ல் திருமணம்.

அதன் பிறகும் கடன் தொல்லை விடவில்லை. 1879-ன் கடைசி நாள் இரவில்தான் கார்லின் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. 1886 ஜனவரி 29 அன்று மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. பணம் போட்டதில் பெர்த்தாவுக்குப் பங்கு உண்டு. காப்புரிமையிலோ கார்லின் பெயர் மட்டும்தான்.

கணவருக்குச் சொல்லாமல் கிளம்பிய பயணம்

வண்டி ரெடி. வாங்கத்தான் ஆள் இல்லை. குதிரை இல்லாமல் புகை விட்டுக்கொண்டு ஓடும் வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். கார்லோ, இன்னும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரத் தயங்கினார். அதுவரை நடந்தவை எல்லாம் பக்கத்திலேயே போய்வந்த சின்னச் சின்ன சோதனை ஓட்டங்கள்தான். இப்படியே போனால் போட்ட பணம், இருவரின் பதினைந்து ஆண்டு உழைப்பு எல்லாமே வீண்.

1888 ஆகஸ்ட் மாதம். பள்ளி விடுமுறை. ஒருநாள் அதிகாலை, கார்ல் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெர்த்தா வண்டியை வெளியே எடுத்தார். கூடவே ரெண்டு பசங்க: 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட். போக வேண்டிய இடம் அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைம். சுமார் 100 கி.மீ. தூரம். வண்டியின் வேகம், நன்றாக ஓடினாலே மணிக்கு 16 கி.மீ.தான்.

வழியெல்லாம் சோதனை. எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராய்ன் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையைத்தான் இன்றும் சொல்கிறார்கள். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் எடுத்தார். மின்கம்பி உரசியது. காலுறையைப் பிடித்திருக்கும் பட்டையைச் சுற்றி சரிசெய்தார். செயின் தொல்லை கொடுத்தபோது ஒரு கொல்லர் உதவினார். மேடு வந்தால் பசங்க இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்

மேட்டில் வண்டி நின்றால் தள்ளலாம். இறக்கத்தில் நிற்காமல் போனால்? உள்ளே இருப்பது தன்னுடைய இரண்டு பிள்ளைகள்.

அந்த வண்டியின் பிரேக் ரொம்ப எளிமையானது. லீவரை இழுத்தால் மரக்கட்டை அழுத்தி உரசும், வேகம் குறையும். அவ்வளவுதான். மலைப்பாங்கான அந்த வழியில் இறக்கம் இறக்கமாக உரசி உரசிக் கட்டை தேய்ந்துபோனது. பிடிப்பு குறைவதை பெர்த்தா கவனித்துவிட்டார். ஊர் கிட்ட வந்துவிட்டது, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவில்லை. பாவ்ஷ்லோட் என்ற கிராமத்தில் செருப்பு தைப்பவரிடம் போய், பிரேக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார்.

இதைத்தான் காரின் முதல் பிரேக் லைனிங் என்கிறார்கள். தேய்வதற்கென்றே தனியாக ஒரு மேல்பகுதி. அது தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதிது போடலாம், அடியில் இருக்கும் பாகம் பிழைக்கும். இன்று உங்கள் காரில் இருக்கும் பிரேக் பேடின் அடிப்படைத் தத்துவமும் இதேதான்.

பெர்த்தா கவனித்ததை நாம் எப்படிக் கவனிப்பது?

பேட் தேய்வது கோளாறு இல்லை. தேய்வதுதான் அதன் வேலை. ஆனால் எப்போது தேய்ந்தது என்பதை கார் முன்கூட்டியே சொல்லும்.

கீச்சென்ற சத்தம்: பல பேடுகளில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்குப் பிறகு காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் வந்து மறையும் சத்தம் வேறு. அது டிஸ்க்கின் மேல் படிந்த லேசான துரு.

கரகரவென்ற சத்தம்: பேட் முழுவதும் தீர்ந்து, இரும்போடு இரும்பு உரசுகிறது. இதற்கு மேல் ஓட்டினால் டிஸ்க்கும் போகும், செலவும் கூடும். பிரேக் பிடிப்பும் நம்ப முடியாததாகிவிடும்.

அதிர்வு: பிரேக் பிடிக்கும்போது பெடலோ ஸ்டீயரிங்கோ அதிர்ந்தால், டிஸ்க் சீராகத் தேயவில்லை என்று சந்தேகிக்கலாம். அவசரமாக மிதிக்கும்போது ஏ.பி.எஸ். வேலை செய்து பெடல் துடிப்பது இயல்பு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு பக்கம் இழுப்பது: ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் அதிகமாகவோ குறைவாகவோ பிடிக்கிறது. கேலிப்பர் சிக்கியிருக்கலாம்.

பெடல் ஆழமாக இறங்குவது, பிரேக் ஆயில் குறைவது: பேட் தேயத் தேய ஆயில் அளவு மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் கசிவு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். இந்த இரண்டில் எது நடந்தாலும் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

கண்ணால் பார்ப்பது: புது பேடின் உரசும் பகுதி பொதுவாக 10 மி.மீ. அளவுக்கு இருக்கும். 3 மி.மீ. அருகே வந்தால் மாற்றிவிடலாம் என்பது பொதுவான கணக்கு. பல கார்களில் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தே முன்பக்க பேடைப் பார்க்க முடியும். இடது, வலது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை என்று எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. டிராஃபிக்கில் நின்று நின்று ஓடும் காரில் பேட் சீக்கிரம் தேயும், ஹைவேயில் ஓடும் காரில் மெதுவாகத் தேயும். பிரேக் ஆயில் மட்டும் விதிவிலக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பயணத்துக்குப் பிறகு...

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் சேர்ந்ததும் பெர்த்தா முதலில் செய்தது, கணவருக்குத் தந்தி கொடுத்ததுதான். சில நாள் கழித்து அதே வண்டியில் ஊர் திரும்பினார். மேட்டில் திணறியதைச் சொல்ல, கார்ல் ஏறுவதற்கென்று கூடுதலாக ஒரு கியர் வைத்தார். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடாகாமல் இருக்க இன்று நாம் லோ கியரில் வருகிறோமே, அந்த வசதியின் ஆரம்பமும் இங்கேதான்.

அந்தப் பயணம் ஊரெல்லாம் பேச்சானது. 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் பென்ஸ் நிறுவனம் உலகின் மிகப்பெரிய கார் தயாரிப்பாளர் ஆனது. கார்ல் 1929-ல் இறந்தார். பெர்த்தாவின் 95-வது பிறந்தநாளன்று, கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. பெண் என்பதால் படிக்க முடியாமல் போனவருக்குக் கல்வி உலகம் கொடுத்த தாமதமான மரியாதை. இரண்டே நாளில், 1944 மே 5 அன்று, லாடன்பர்க் வீட்டில் காலமானார்.

அவர் போய்வந்த வழி 2008 முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்ற பெயரில் இருக்கிறது. அந்த வழியில் பாவ்ஷ்லோட் கிராமமும் வரும்.