சுமார் 18 வருட உழைப்பு தீயில் போனது: அஜந்தாவை நகலெடுத்த மெட்ராஸ் ராணுவ அதிகாரி ராபர்ட் கில் யார்?

அஜந்தா ஓவியங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால், அவற்றைப் பெரிய கேன்வாஸ்களில் நகலெடுக்கவே பாதி வாழ்க்கையைச் செலவழித்த ராபர்ட் கில் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் இந்த கில்?

1804-ல் லண்டனில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரி. 1819-ல் வேட்டைக்குப் போன இடத்தில் அஜந்தா குகைகளைப் பார்த்த ஜான் ஸ்மித்தும் இதே மெட்ராஸ் ராணுவக்காரர்தான்.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் ஓவியத்தைப் பெயர்த்தே எடுத்துப் போனார்கள். ஈரமும் வௌவால்களும் மிச்சத்தைக் கெடுத்தன. அழிவதற்குள் நகலெடுக்க வேண்டும் என்று லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி வலியுறுத்த, 1844-ல் அந்த வேலை கில்லுக்கு வந்தது.

எகிப்திலும் இதே கதைதான். துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர், 17 வயதில் கல்லறைச் சுவரோவியங்களை நகலெடுக்கப் போனவர்.

அஜந்தாவில் என்ன நடந்தது?

1863 வரை கில் அங்கேயே வரைந்தார். பாரோ என்ற உள்ளூர்ப் பெண்ணுடன் வாழ்ந்தார். 1856-ல் பாரோ இறந்துபோனார். இவர்கள் கதை 2012-ல் 'அஜிந்தா' என்ற மராத்திப் படமானது.

தீ எப்போது?

வரைந்த கேன்வாஸ்கள் கப்பலேறி லண்டன் போயின. கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. தீக்கு எவ்வளவு நேரம் போதும்னு மல்லாங்கிணறு, சிவகாசி பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்காட்சிக்குப் போகாத ஒரு சில கேன்வாஸ்கள்தான் தப்பின. அவை இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

கில் ஓயவில்லை. 60 வயதைத் தாண்டியும் மறுபடி முதலிலிருந்து தொடங்க முன்வந்தார். 1879-ல் இறந்தார், கல்லறை மகாராஷ்டிராவின் புசாவலில் இருக்கிறது.

அதோடு முடிந்ததா?

இல்லை. 1872 முதல் 1885 வரை பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், மாணவர்களோடு போய் மீண்டும் நகலெடுத்தார். அவற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்டவை 1885-ல் லண்டனில் தீக்கிரையாகின.

ஆனால், இந்த முறை கிரிஃபித்ஸ் அவற்றை 2 பாகப் புத்தகமாக 1896-97-ல் அச்சிட்டார். குகைச் சுவரில் இன்று உதிர்ந்துபோன சில பகுதிகள் எப்படி இருந்தன என்பதை, தப்பிய நகல்களையும் அந்தப் புத்தகத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதை ஒரே கூரைக்குள் அடுக்கியும் வைக்கக் கூடாது என்பதற்கு கில்லின் வாழ்க்கையே சாட்சி.