தோல்வியின்போது முன்னால் வந்து நின்றவர் சதீஷ் தவான்

சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட முதல் துணைக்கோளான எக்ஸ்-சாட், 2011 ஏப்ரல் 20ஆம் தேதி இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்தப் புவி கண்காணிப்புத் துணைக்கோள் புறப்பட்ட இடத்தின் பெயர், சதீஷ் தவான் விண்வெளி மையம். அப்துல் கலாமை அறியாத தமிழர் இல்லை. அவருக்குத் தலைவராக இருந்த தவானின் கதை அந்த அளவுக்கு நம் வீடுகளை எட்டவில்லை.

1920 செப்டம்பர் 25ஆம் தேதி ஸ்ரீநகரில் பிறந்தவர் தவான். லாகூரில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பிறகு ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம். அதற்கும் பிறகு இயந்திரப் பொறியியல். அமெரிக்காவின் கால்டெக் கல்விக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1962இல் அதன் இயக்குநரானார்.

1971 டிசம்பர் 30ஆம் தேதி விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தபோது, தவான் விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்கும்படி பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். பதவி கிடைத்தால் போதும் என்று அவர் ஓடிவரவில்லை. தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும், அறிவியல் கழகப் பொறுப்பும் தம்மிடமே தொடர வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972இல் பொறுப்பேற்றார்.

வானத்திலிருந்து நிலத்தைப் பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1970இல் கேரளத்தில் வேர்வாடல் நோய் தாக்கிய தென்னந்தோப்புகளை, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்துப் பார்த்தார்கள். நல்ல இலை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை குறைவாக அனுப்பும். தோட்டம் தோட்டமாக நடந்து பார்க்க வேண்டிய வேலை ஒரு படத்தில் தெரிந்தது. அதே வேலையைத் துணைக்கோளிலிருந்து செய்யும் முதல் முயற்சி பாஸ்கரா-1. 1979 ஜூன் 7ஆம் தேதி சோவியத் ராக்கெட் அதை ஏவியது. இரண்டு கேமராக்களில் ஒன்று பழுதானது. ஆனாலும் கடலையும் நிலத்தையும் பற்றிய தகவல்கள் வந்தன.

சொந்த ராக்கெட் இல்லாமல் எத்தனை நாள் பிறரிடம் போவது? இரண்டே மாதத்தில், 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி, எஸ்எல்வி-3 ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் கலாம். கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்னது. நிபுணர்களிடம் கேட்டுவிட்டு, அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் தாமே என்று கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பொதுமக்கள் பணம் கடலில் போயிற்று என்ற விமர்சனம் காத்திருந்தது. செய்தியாளர்கள் முன் வந்து உட்கார்ந்தவர் தவான். பொறுப்பைத் தாமே ஏற்றார்; தம் குழுமேல் நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த ஆண்டு வெற்றி கிடைக்கும் என்றும் சொன்னார். கலாமின் பெயரை யாரும் கிழிக்க அவர் விடவில்லை.

1980 ஜூலை 18ஆம் தேதி அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இம்முறை செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பிவிட்டார் தவான். நல்ல அதிகாரிகள் பலர் முதல் பாதியைச் செய்வார்கள். இரண்டாவது பாதிதான் கடினம்.

ஆனால் 35 கிலோவால் பயிர்களைக் கண்காணிக்க முடியாது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள புவி கண்காணிப்புத் துணைக்கோளைத் துருவப் பாதையில் செலுத்த வேண்டும். அந்தப் பாதையில் சுற்றினால்தான் ஒரே இடத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில், அதே வெயிலில் படமெடுத்து ஒப்பிட முடியும். அதற்கான பிஎஸ்எல்வி திட்டத்துக்கு 1982இல், தவான் தலைவராக இருந்தபோதே ஒப்புதல் கிடைத்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்தெற்கே போனால் இலங்கை குறுக்கே நிற்கும். அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடல்மேல் போய், பிறகுதான் தெற்கே திரும்பும். அந்தத் திருப்பத்துக்குக் கூடுதல் எரிபொருள் செலவாகும். சுமக்கும் எடை குறையும்.

அந்தத் தீவில் வாழ்ந்த யானாதி பழங்குடியினர் பலர் ஏவுதளத்துக்காக இடம்பெயர்ந்தார்கள். வெற்றிச் செய்திகளில் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை.

தவான் 1984இல் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1993 செப்டம்பர் 20ஆம் தேதி முதல் பிஎஸ்எல்வியும் கடலில்தான் விழுந்தது. 1994 அக்டோபர் 15ஆம் தேதி இரண்டாவது ராக்கெட், 804 கிலோ எடையுள்ள ஐஆர்எஸ்-பி2 துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இடையே 1991இல், பறவைகள் பறக்கும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார் தவான். ஏவுதளத்தின் பக்கத்திலேயே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக் கிடக்கும் பழவேற்காடு ஏரிக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வரும். 2002 ஜனவரி 3ஆம் தேதி பெங்களூரில் அவர் காலமானார். அதே ஆண்டு ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.