பாட்டில் கழுவிய பையன்

கெமிஸ்ட்ரி லேபில் குரோமேட் உப்புக்கு டெஸ்ட் செய்திருப்பீர்கள். கரைசலில் லெட் அசிடேட் விட்டதும் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு விழும். ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்துவிடுவோம். அந்த மஞ்சளுக்குப் பின்னால் ஓர் ஏழைப் பையனின் கதை இருக்கிறது நண்பர்களே!

பிரான்ஸ் நாட்டில் நார்மண்டி என்ற பகுதி. அங்கே ஒரு கிராமத்தில் 1763-ல் பண்ணையாளின் மகனாகப் பிறந்தவர் லூயி நிக்கோலா வாக்குலின். சின்ன வயதில் அப்பாவோடு வயல் வேலை. அப்புறம் ரூவன் நகரில் ஒரு மருந்துக்கடையில் பாட்டில் கழுவும் வேலை. கடைக்காரர் மாணவர்களுக்கு ரசாயனப் பாடம் நடத்துவார். இவர் ஓரமாக நின்று கேட்டு, ரகசியமாகக் குறிப்பு எழுதிக்கொள்வார். ஒருநாள் முதலாளி அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டாராம். எங்க வீட்டில் முதன்முதலில் காலேஜ் நோட்டு வாங்கியவன் நான். படிக்கும்போது எனக்கே வயிறு எரிந்தது.

வேலையை உதறிவிட்டுப் பாரிசுக்குப் போனார். உடம்பு முடியாமல் தர்மாஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் சேர்த்துக்கொண்ட மருந்துக்கடைக்காரருக்கு உறவினர்தான் புகழ்பெற்ற ரசாயன அறிஞர் ஃபூர்குரோய். அவருடைய லேபில் உதவியாளாகச் சேர்ந்தபிறகு வாக்குலினைப் பிடிக்க ஆளில்லை!

1797-ல் சைபீரியச் சுரங்கத்துச் சிவப்பு ஈயக் கல் ஒன்றை ஆராய்ந்தார். பொட்டாசியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்தார். மஞ்சள் கரைசல் கிடைத்தது. அதில் பாதரச உப்பு சேர்த்தால் சிவப்பு, ஈய உப்பு சேர்த்தால் மஞ்சள். அதுவரை யாரும் அறியாத உலோகம்! இத்தனை நிறம் காட்டியதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் கரியோடு சேர்த்துச் சூடாக்கி உலோகத்தையே பிரித்துவிட்டார். மரகதத்தின் பச்சைக்கும் அதுவே காரணம் என்று கண்டார். பேராசிரியரானார், 1828-ல் நாடாளுமன்றத்துக்கும் போனார். 1829-ல் பிறந்த கிராமத்திலேயே காலமானார்.

அந்த குரோமியம் தோல் பதனிட வந்தது பிந்தைய கதை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளைக் கடந்துதான் பாலாறு செங்கல்பட்டுக்கு வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில் சேருகிறது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஐந்தில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தரம். அதன் ஆறு இணைதிறன் வடிவம் புற்றுநோய் தரக்கூடியது. இவ்வளவு கொஞ்சமாக இருந்தால் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. லெட் அசிடேட்டுக்கும் அகப்படாது. அமிலம் சேர்த்து டைஃபீனைல் கார்பசைடு விட வேண்டும். செவ்வூதா நிறம் வந்தால் அந்த வடிவம் இருக்கிறது. நிறத்தின் அழுத்தத்தைக் கலரிமீட்டரில் அளந்தால் எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம்.

எங்க தெரு அடிபம்பிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். லேபில் செய்து பார்க்க ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.