குணங்குடியார் துறந்ததும் தேடியதும்

இராமநாதபுரம் சீமையிலே, தொண்டித் துறைமுகத்திற்கு அப்பால் குணங்குடி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1792-ம் ஆண்டில் நயினா முகம்மது என்பாருக்கும் பாத்திமா அம்மையாருக்கும் ஓர் ஆண் மகவு பிறந்தது. சுல்தான் அப்துல் காதிறு என்று பெயர் சூட்டினார்கள். தமிழ்நாடெங்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று பின்னாளில் போற்றப்பட்ட மகான் இவர்களே.

அவர்கள் பிறந்த காலம் நமக்கு அந்நியமான காலமன்று. அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன், 1786-ல்தான், கெடா சுல்தானின் ஆட்சியிலிருந்த பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் தம் கொடியை ஏற்றினார். அதற்கும் முன்பே நம்மவர் கோலக் கெடாவில் துணி கொடுத்து மிளகும் பாக்கும் வாங்கி வியாபாரம் செய்து வந்தவர்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர் பினாங்கில் கப்பித்தான் கிளிங் என்று பெயர் பெற்றதும், 1801-ல் அங்கே பள்ளிவாசல் எழுந்ததும், குணங்குடியார் சிறுவராக ஓதிக் கொண்டிருந்த நாட்களிலேதான். அந்தக் கடற்கரையில் பிறந்த பிள்ளை வளர்ந்தால் கப்பலேறிப் பொருள் தேடும் என்றுதான் பெற்றோர் எண்ணுவார்கள். இந்தப் பிள்ளையோ கையில் இருந்ததையும் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டது.

கீழக்கரையில் தைக்கா சாகிபு என்று அழைக்கப்பெற்ற ஷெய்கு அப்துல் காதிறு லெப்பை ஆலிம் அவர்களிடம் ஓதினார்கள். அரபும் மார்க்கக் கல்வியும் அங்கே கிடைத்தன. தமிழ் அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது போலும். வயது 17 ஆனபோது தாய்மாமன் மகளை மணமுடித்து வைக்க வீட்டார் பேச்செடுத்தார்கள். அவர்கள் இணங்கவில்லை. இல்வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்று சொல்லி, 1813-ம் ஆண்டளவில் வீட்டையும் சுற்றத்தையும் விட்டு வெளியேறினார்கள்.

வரலாறு எழுதியவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். துறந்தவரின் வைராக்கியத்தைப் புகழ்கிறார்களேயன்றி, அந்த மாமன் மகளைப் பற்றி நான் படித்த நூல்களில் பேச்சே இல்லை. நம் ஊர்களில் மாமன் மகள் என்றால் பிறந்த நாள் தொட்டு உரிமை சொல்லி வளர்ப்பது வழக்கம். மாப்பிள்ளை வேண்டாமென்று போன பின் அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சபுராளிகளாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம்முடைய உம்மாவும் பாட்டிமாரும் மூன்றாண்டு, நான்காண்டு என்று கடுதாசியை எதிர்பார்த்து அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். போன நாம் பணம் அனுப்பினோம்; திரும்பியும் வந்தோம். குணங்குடியார் திரும்பவில்லை. ஆகவே அவர்கள் பாடிய பிரிவுப் பாட்டுக்களைப் படிக்கும்போதெல்லாம், பாட்டில் வராத அந்தப் பெண்ணையும் நான் நினைத்துக் கொள்வதுண்டு.

ஊரை விட்டவர்கள் திருச்சிராப்பள்ளி சென்று, ஷாம் சாகிபு என்ற பெரியாரிடம் காதிரிய்யா தரீக்காவில் பைஅத்துப் பெற்றார்கள். பக்தாதிலே ஹிஜ்ரி 561-ல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிறு ஜீலானி (ரஹ்) அவர்களின் பாதை அது. பெற்றோர் இட்ட பெயரும் அந்த நாயகத்தின் பெயரே அல்லவா! பின்பு மதுரைக்கு அருகே சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து தவம் புரிந்தார்கள். காடும் மலையுமாகப் பல ஆண்டுகள் திரிந்து, முடிவில் வடசென்னையில் இராயபுரத்துப் பக்கம் வந்து தங்கினார்கள்.

அந்நாளில் அது முள்ளும் புதருமாய்க் கிடந்த இடம். கந்தை உடுத்து, தம் நினைவின்றி இருந்த அவர்களைக் கண்டவர்களில் சிலர் பைத்தியம் என்று ஒதுங்கினார்கள். சிலர் அருகில் சென்று பார்த்து அடியாரானார்கள். மஸ்து என்றால் பாரசீகத்தில் வெறி, மயக்கம். இறைவன் மீது கொண்ட காதலால் மயங்கியவர் மஸ்தான். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் சனங்கள் தொண்டியார் என்றும் அழைத்தார்கள். தண்டையார்பேட்டை என்ற பெயரே தொண்டியார்பேட்டை என்பதன் திரிபு என்று சொல்லுவார்கள்.

இனி அவர்களுடைய பாட்டுக்கு வருவோம். முகியத்தீன் சதகம், அகத்தீசர் சதகம், பராபரக் கண்ணி, றகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி, ஆனந்தக் களிப்பு எனப் பல உண்டு. கண்ணி என்பது இரண்டே அடி. ஒவ்வொன்றும் ஒரே விளிப்பில் முடியும். எழுத்தறியாதவரும் இரண்டு தடவை கேட்டால் மனத்தில் நிறுத்திக் கொள்ளலாம். இதே இராமநாதபுரம் சீமையில் முந்திய நூற்றாண்டில் அடக்கமான தாயுமானவரும் பராபரக் கண்ணி பாடியவரே. இருவரையும் அருகருகே வைத்துப் படிப்பது தமிழ்ப் புலவர்களிடம் வழக்கமாயிற்று.

மனோன்மணிக் கண்ணியில்தான் பலருக்கும் ஐயம் பிறக்கிறது. அங்கே மஸ்தான் சாகிபு அவர்கள் காதலனாக நின்று, மனோன்மணி என்றொரு பெண்ணை அழைத்து ஏங்குகிறார்கள். அவளைக் காணாத ஏக்கம், அவள் பொருட்டு ஊர் நகைக்கும் வெட்கம், அவள் வந்து சேர வேண்டுமே என்ற தவிப்பு எல்லாம் அதில் உண்டு. புதிதாய்ப் படிப்பவன் இது மாமன் மகளோ, வேறு எவளோ என்று மயங்கக் கூடும். மனோன்மணி என்பது சித்தர் வழக்கில் மனம் அடங்கி ஒடுங்கிய உயர்நிலைக்குப் பெயர். அம்பிகைக்கும் அப்பெயர் உண்டு. மஸ்தான் அவர்கள் அந்தப் பெயரின் திரைக்குள் தம் ரப்பைத் தேடினார்கள். தமிழ்ப் பக்திப் பாடல்களில் பெரும்பாலும் பாடுகிறவர் நாயகி, இறைவன் நாயகன். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. இதற்கு மூலம் பாரசீகத்தில் உண்டு. 12-ம் நூற்றாண்டில் நிஜாமி பாடிய லைலா மஜ்னூன் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். லைலாவை இழந்து பாலைவனத்தில் திரிந்தவனை உலகம் பித்தன் என்றது. மஜ்னூன் என்ற சொல்லுக்கும் பொருள் அதுதான். அந்தப் பித்தை இறைக்காதலின் அடையாளமாக சூஃபிகள் எடுத்துக் கொண்டார்கள். மஜ்னூனும் மஸ்தானும் ஒரே தெருவில் நடந்தவர்கள்.

அகத்தீசர், நந்தீசர், மனோன்மணி என்ற பெயர்களைக் கண்டு, இவை நம் வீட்டுக்கு ஆகாதவை என்று புத்தகத்தை மூடி வைப்பவர்கள் நம்மிலே இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் மார்க்கப் பற்றால் எழுந்தது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒவ்வொரு வரியையும் ஷரீஅத்தின் தராசில் நிறுத்துப் பார்க்க ஆலிம்களுக்கு உரிமையுண்டு. ஆனால் சரக்கைத் தட்டில் வைக்காமல் எடை சொல்வது வியாபாரத்திலே செல்லாது. முகியத்தீன் சதகத்தைப் பாடிய நாவுதான் மனோன்மணிக் கண்ணியையும் பாடியது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கையில் நெல் வயலும் உழவரும் வரக் காண்கிறோம். அரபுநாட்டை அறியாமலா அப்படிப் பாடினார்? கேட்பவன் கண்ட வயலைக் காட்டினால்தான் அவன் நெஞ்சில் பதியும் என்று அறிந்துதான் பாடினார். குணங்குடியாரும் கேட்பவன் அறிந்த பெயர்களைக் கொண்டு, அவன் அறியாத ஒன்றைச் சொல்ல முயன்றார்கள் என்பது என் எண்ணம்.

கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவி ஓய்ந்த முதியவர் ஒருவர் முன்பு என் கடையில் பற்று வைத்திருந்தார். அரிசியும் கருவாடும் கட்டும் வரை ஏதாவது முணுமுணுத்துக் கொண்டிருப்பார். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன், பராபரக் கண்ணி. இது யார் பாட்டு ஐயா என்றேன். ஒரு சித்தர் பாட்டு, லயத்திலே என் அப்பா பாடுவார் என்றார். அவர் எங்கள் ஆள், முஸ்லிம் என்றேன். சற்று நேரம் என் தொப்பியைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, நீங்கள் இதைப் பாட மாட்டீர்களா முதலாளி என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சீனியை நிறுத்துப் போட்டேனேயன்றி விடை சொல்லவில்லை. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

அந்த முதியவருக்கு முன்பே கற்றறிந்த இந்துக்கள் அவர்களைச் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்கள். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அக்காலத்துப் பெரும் புலவர். குணங்குடியார் மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். பிற்காலத்தில் மா. வடிவேலு முதலியார் அவர்களுடைய பாடல்களுக்கு உரை எழுதினார். நம்மவர் செய்யத் தவறிய வேலையில் ஒரு பகுதியை அவர்கள் செய்து வைத்தார்கள். நன்றியோடு வாங்கிக் கொள்வதில் குறைவில்லை.

மஸ்தான் சாகிபு அவர்கள் 1838-ல், ஹிஜ்ரி 1254-ல், இராயபுரத்தில் வபாத்தானார்கள். இருந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். 18 ஆண்டு கழித்து, 1856-ல், அந்த வட்டாரத்தில்தான் சென்னையின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது, புதர்க்காடு பட்டணமாயிற்று. சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போகிற நம் சகோதரர்கள் மண்ணடியோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் தர்கா. போய் ஒரு பாத்திஹா ஓதி வரலாம். ஓதும்போது, குணங்குடியில் நின்றுவிட்ட அந்தப் பெண்மணியின் பெயரால் ஒன்றும் ஓதுங்கள்.