பிரதி தர மறுத்த பேரறிஞர்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1894இற் பிறந்தவர் நோபேட் வீனர். பன்மொழிப் புலவரான தந்தையார் லியோ வீனரே அவருக்கு முதலாசிரியர். அவர்தம் கடுமை மைந்தர் நெஞ்சில் வடுவாயிற்று. ஆசிரியராகிய நாம் இதனையும் அறிதல் நன்று. பதினெட்டு வயதில் ஹாவாட்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. விரையும் விமானத்தைச் சுடுவோன், அஃது இப்பொழுதுள்ள இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. குண்டு சேரும் கணத்தில் எங்கிருக்கும் என்று முன்னறிதல் வேண்டும். சென்ற வழியைக் கொண்டு செல்லும் வழியைக் கணிக்கும் பொறியொன்றை யூலியன் பிகலோவுடன் கூடி வீனர் வகுத்தார். அது களம் புகவில்லை. ஆயினும், செயலின் விளைவை நோக்கித் தன்னைத் திருத்திக்கொள்ளுதல் உயிருக்கும் பொறிக்கும் பொது என்பது அவருக்குப் புலனாயிற்று.

1945இல் ஹிரோஷிமா எரிந்தது. பின்னர், ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்ட நிறுவனத்தார் ஒருவர் அவருடைய போர்க்கால அறிக்கையின் பிரதியை வேண்டினார். வீனர் மறுத்தார், மறுப்பினை 1947இல் ‘அத்லாந்திக்’ திங்களிதழிலும் வெளியிட்டார். அறிக்கை அரசிடம் இருந்தமையாற் கேட்டவர் வேறு வழியாற் பெற்றிருக்கலாம். ஏவுகணைகளும் நின்றில. எனினும் தம் கையாற் கொடுக்க அவர் ஒருப்பட்டிலர்.

1948இல், மீகாமனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லாற் ‘சைபனெற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டு நூல் செய்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு வழிசமைத்த நூல்களுள் அஃதொன்று. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையிற் கிடந்தபோதும், தசையின் மின்குறிப்பால் இயங்கும் செயற்கைக் கையைப் பற்றியே மருத்துவரோடு உரையாடினார். 1964இல் ஸ்ரொக்கோமில் அவர் உயிர்நீத்தபின், பொஸ்ரனில் அக்கை உருவாயிற்று.